கூடாரத் தள விமர்சனங்களில் உரிமையாளரைக் குறிப்பிட வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போயா விடுமுறை வார இறுதியோடு சேர்ந்து வரும் நாட்களில், வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் கூடாரங்களை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு யால, நக்கிள்ஸ், பெலிஹுல்ஓயா, ஹப்புத்தளை என்று புறப்படும் தமிழ்க் குடும்பங்களும் நண்பர் குழுக்களும் இப்போது கணிசமாக உள்ளன. திரும்பி வந்த பின் அவர்களில் பலர் தாம் தங்கிய இடத்தைப் பற்றி எழுதுகிறார்கள். தண்ணீர் எப்படி, கழிப்பறை எப்படி, இரவில் யானை வந்ததா, அட்டை கடித்ததா என்பதெல்லாம் அந்த எழுத்தில் இருக்கும். ஆனால் அந்த நிலம் யாருடையது, அதை நடத்துபவர் யார் என்பதை எழுதலாமா கூடாதா என்பதில் கருத்து பிளவுபட்டிருக்கிறது. கொழும்பிலிருந்து கூடாரமடிக்கச் செல்வோரிடையே திரும்பத் திரும்ப எழும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் தரும் விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

இடம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதுதானே முக்கியம்? உரிமையாளர் யார் என்பது எனக்கு ஏன் தெரிய வேண்டும்?

நீங்கள் தங்கும் இரவில் ஏதேனும் நடந்தால் யாரிடம் கேட்பது என்பது அதைப் பொறுத்தே அமைவதால் தெரிய வேண்டும். வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் தளமொன்றில் முற்பணம் செலுத்தி, பின்னர் பூங்கா மூடப்பட்டால், பத்தரமுல்லையிலுள்ள தலைமையகத்துக்கு எழுத்தில் முறையிடலாம். அந்தப் பணம் அரசிறை என்பதால் அதற்கொரு பற்றுச்சீட்டும் பதிவும் இருக்கும். தனியாரின் தோட்டத்து ஓரத்தில் கையில் பணம் கொடுத்துத் தங்கியவருக்கு அப்படியொரு வழி கிடையாது. இரண்டும் நல்ல இடங்களாகவே இருக்கலாம். ஆனால் இரண்டிலும் உங்களுக்குள்ள பிடிமானம் ஒன்றல்ல.

மலைநாட்டில் இது இன்னும் கனமான விடயம். பதுளை, நுவரெலியா, கண்டி, இரத்தினபுரி மாவட்டங்களின் சரிவுகளில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும்போது, கூடாரங்களில் உறங்குவோரை எழுப்பி வெளியேற்ற வேண்டியவர் யார் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தபோது, அந்தச் சரிவு ஆபத்தானது என்ற எச்சரிக்கை அதற்கு முன்பே விடுக்கப்பட்டிருந்தது. அதைக் கேட்டுச் செயற்பட வேண்டியவர் யார் என்ற கேள்விதான் பிறகு எஞ்சியது. ஒரே ஓர் இரவு தங்கப் போகிறவரும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டே போக வேண்டும் என்று நினைக்கிறேன்.

காணி ஒருவருடையது, நடத்துபவர் வேறொருவர் என்றால் யாரைக் குறிப்பிடுவது?

இருவரையும் குறிப்பிட வேண்டும். பெரும்பாலான தவறான விமர்சனங்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன.

யால தேசிய பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். மாணிக்க கங்கையின் கரையிலுள்ள தளங்கள் திணைக்களத்துக்கு உரியவை. அவற்றை நீங்களே ஒதுக்கிக்கொண்டு சொந்தக் கூடாரத்தோடு போகலாம். அல்லது, அதே தளத்தைத் தன் வாடிக்கையாளருக்காக ஒதுக்கிப் பெரிய கூடாரம், கட்டில், சமையற்காரர், விளக்கு எல்லாவற்றையும் கொண்டுவந்து வைக்கும் தனியார் நிறுவனமொன்றின் ஊடாகவும் போகலாம். இரண்டாவது வகையில் தங்கியவர் “யால கூடாரத் தளத்தில் உணவு அருமை” என்று எழுதினால், அதை நம்பித் திணைக்களத்தின் ஊடாக முன்பதிவு செய்பவர் அரிசியும் அடுப்பும் இல்லாமல் காட்டுக்குள் போய் நிற்பார். அதேபோல், ஆற்றங்கரையில் கிடந்த குப்பைக்கு நிறுவனத்தைத் திட்டுவதா, திணைக்களத்தைத் திட்டுவதா என்பதும் இந்தப் பிரிவைத் தெரிந்தால்தான் விளங்கும்.

பூங்காவின் எல்லைக்கு வெளியே இருப்பவை மூன்றாவது வகை. பலட்டுபான, திஸ்ஸமகாராம, உடவளவை ஆகிய பகுதிகளில் “காட்டுக்குள்” என்று விளம்பரப்படுத்தப்படும் பல தளங்கள் உண்மையில் எல்லைக்கு அப்பாலுள்ள காணிகளில் அமைந்தவை. தேசிய ஒதுக்கங்களின் எல்லையிலிருந்து ஒரு மைல் தூரத்துக்குள் அபிவிருத்தி வேலை எதையும் மேற்கொள்வதற்கு வனஜீவராசிகள் திணைக்களப் பணிப்பாளர் நாயகத்தின் எழுத்துமூல முன் அனுமதி வேண்டும் என்பது 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட ஏற்பாடு. ஆகவே அத்தகைய இடத்தைப் பற்றி எழுதுபவர், இது பூங்காவின் தளமல்ல, தனியார் காணி என்ற ஒரு வரியையாவது எழுத வேண்டும். அனுமதி இருக்கிறதா என்று கேட்க வேண்டுமெனப் படிப்பவருக்கு அப்போதுதான் தோன்றும்.

தேயிலைத் தோட்டங்களின் நிலைமை இன்னும் சிக்கலானது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களின் பின் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992 இல் அவற்றின் முகாமை பிரதேச பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு மாற்றப்பட்டு, பின்னர் 53 வருடக் குத்தகையாக அமைந்தது. எனவே ஹப்புத்தளையிலோ மஸ்கெலியாவிலோ தேயிலை மலையின் உச்சியில் கூடாரம் அடிக்கும்போது, நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, கூடாரத் தொழில் மூன்றாவது ஒருவருடையது என்று இருப்பது வழக்கம். இந்த மூவரிலும் சேராமல், தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்தும் தாம் குடியிருக்கும் லயத்துக்கே உறுதி இல்லாத தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் அங்கே இருக்கின்றன. கூடாரத்துக்கு இழுக்கப்பட்ட தண்ணீர்க் குழாய் எந்தப் பீலியிலிருந்து வருகிறது, அந்தப் பீலியை நம்பி எத்தனை வீடுகள் இருக்கின்றன என்று கேட்டறிந்து எழுதும் விமர்சனத்தை நான் மிகவும் மதிக்கிறேன். உரிமையைப் பற்றிய கேள்வி உண்மையில் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான்.

வேறு நாடுகளில் இது எப்படி இருக்கிறது?

அமெரிக்காவில் கூட்டாட்சி அரசின் தேசிய வனங்களிலுள்ள பல கூடாரத் தளங்களைத் தனியார் ஒப்பந்தக்காரர்கள் நடத்துகிறார்கள். நிலம் வனச் சேவையுடையது. 1962 இல் மொன்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ் நகரில் தொடங்கிய கே.ஓ.ஏ. (Kampgrounds of America) என்ற கூடாரத் தள நிறுவனத்தின் பெயரைத் தாங்கும் தளங்களில் பெரும்பாலானவை தனித்தனி உரிமையாளர்கள் பெயருரிமை பெற்று நடத்துபவை. எனவே ஒரே மஞ்சள் பலகை தொங்கினாலும் ஒரு தளத்தின் தரத்தை வைத்து இன்னொன்றை மதிப்பிட முடியாது. அங்குள்ள அனுபவசாலிகள் நடத்துநரின் பெயரைக் கவனிப்பது இதனால்தான். நமக்கும் இதே பழக்கம் போதும்.

உரிமையாளர் தமிழரா, சிங்களவரா, முஸ்லிமா என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

இந்த நகரத்தில் வாழ்பவர்களுக்குக் காரணத்தை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் இளையவர்களுக்காகச் சொல்கிறேன். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களின் வீடுகளையும் கடைகளையும் தேடி வந்த கும்பல்களின் கைகளில் வாக்காளர் பட்டியல்கள் இருந்தன. எந்தக் கதவு யாருடையது என்று எழுதப்பட்ட தாள் ஒன்று போதுமாக இருந்தது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின், முஸ்லிம்களின் கடைகளையும் வியாபாரங்களையும் புறக்கணிக்குமாறு பரப்புரை நடந்தது; மே மாதத்தில் குருநாகல், கம்பஹா, புத்தளம் மாவட்டங்களில் அவர்களுடைய வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. சொத்தையும் சமூகத்தையும் இணைத்து எழுதும் ஒவ்வொரு வரியும், எழுதியவரின் மனதில் தீமையே இல்லாவிட்டாலும், அப்படியொரு பட்டியலில் சேரக் கூடியது. விமர்சனம் எழுதிய நாளில் நாடு அமைதியாக இருக்கலாம். அந்த வரி அழியாமல் கிடந்து, அமைதி குலைந்த நாளில் வேறொருவர் கண்ணில் படும்.

எது சேரும், எது சேராது என்பதை அறிய நான் பயன்படுத்தும் சோதனை இதுதான்: அதே இடத்தை, அதே அனுமதிகளோடு, அதே விதமாக நடத்தும் வேறு சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் இருந்தால், நீங்கள் எழுதப்போகும் தகவல் தங்க வருபவருக்குப் பயனுள்ளதாகவே இருக்குமா? “இது குத்தகைக் காணி, குத்தகை புதுப்பிக்கப்படவில்லை என்று நடத்துநரே சொன்னார்” என்பது அச்சோதனையில் தேறும். “இது இன்னாருடைய ஆட்களின் இடம்” என்பது தேறாது.

நல்லெண்ணத்தோடு, “நம்மவர் நடத்தும் இடம், ஆதரியுங்கள்” என்று எழுதினால்?

அந்த எண்ணத்தை நான் புரிந்துகொள்கிறேன். ஆனாலும் எழுத வேண்டாம் என்றே கேட்டுக்கொள்வேன். ஆதரிப்பதற்கான பட்டியலும் புறக்கணிப்பதற்கான பட்டியலும் ஒரே தகவலால் ஆனவை. தமிழ்க் குடும்பத்துக்கு உண்மையிலேயே பயன்படுவதை நேரடியாகச் சொல்லலாம்: அங்குள்ளவர்களோடு தமிழில் பேசி வேலை முடிக்கலாம், அறிவிப்புகள் தமிழிலும் இருக்கின்றன, சைவ உணவு தனிப் பாத்திரத்தில் சமைக்கப்படுகிறது, ஹலால் உணவு கிடைக்கிறது, அடையாள அட்டையைப் பார்த்த பின் எங்களிடம் மட்டும் வேறு கேள்விகள் கேட்கப்படவில்லை. இவை எல்லாம் நடத்தையும் வசதியும் பற்றியவை. சமூகத்தின் பெயரைச் சொல்லாமலே நீங்கள் சொல்ல விரும்பியது வந்துவிடும்.

மாறாக, ஓர் இடத்தில் உங்களை இனத்தின் பெயரால் மறுத்தார்கள் அல்லது அவமதித்தார்கள் என்றால், நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள். அதை எழுத உரிமையாளரின் சமூகத்தைக் குறிப்பிட வேண்டியதில்லை.

படையினர் நடத்தும் விடுதிகளையும் தளங்களையும் பற்றி என்ன?

இதில் உரிமையைக் குறிப்பிடுவது கட்டாயம் என்பது என் நிலைப்பாடு. இராணுவம் “லாயா” என்ற பெயரிலும் கடற்படை “மாலிமா” என்ற பெயரிலும் விருந்தோம்பல் தொழிலில் ஈடுபடுகின்றன. பலட்டுபானவில் யால பூங்காவுக்கு அருகிலும், வாதுவையிலும், கல்குடாவிலும் லாயா விடுதிகள் உள்ளன. பெயர்ப் பலகையை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாமல் போகலாம். ஆனால் தங்கப் போகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்; ஏனெனில் இங்கே பேசப்படுவது ஒரு தனிமனிதரின் பிறப்பல்ல, ஓர் அரச நிறுவனம். நிறுவனத்துக்கு அந்தரங்கம் கிடையாது. மேலே சொன்ன தடை இதற்குப் பொருந்தாது.

வடக்கிலும் கிழக்கிலும் இன்னொரு காரணமும் உண்டு. போருக்குப் பின்னர் காங்கேசன்துறையில் இராணுவம் நடத்திய தல்செவன விடுதி, 1990 இல் மக்கள் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. கடலைப் பார்த்தபடி தேநீர் அருந்தியவர்கள் இருந்த அதே காலத்தில், அந்தப் பகுதியின் காணிச் சொந்தக்காரர்கள் பலர் மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் நலன்புரி நிலையங்களில் இருந்தார்கள். அங்கே போவதா வேண்டாமா என்பது ஒவ்வொருவரும் தாமே எடுக்க வேண்டிய முடிவு. அந்த முடிவை எடுப்பதற்கான தகவலை மறைத்து, காற்று நன்றாக வீசியது என்று மட்டும் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இது தமிழ்ப் பகுதிகளுக்கு மட்டும் உரிய பிரச்சினையும் அல்ல. குமண பூங்காவுக்கும் உகந்தை முருகன் ஆலயத்துக்கும் போகும் வழியிலுள்ள பாணமையில், சிங்களமும் தமிழும் கலந்த ஒரு பழைய கிராமத்தின் விவசாயக் குடும்பங்கள் 2010 இல் தம் கரையோரக் காணிகளிலிருந்து வெளியேற்றப்பட்டன. பின்னர் அந்தப் பகுதியில் படையினரின் நிலையங்களும் சுற்றுலா விடுதியும் வந்தன. காணியின் பெரும் பகுதியை மக்களிடம் திருப்பிக் கொடுக்க 2015 பெப்ரவரியில் அமைச்சரவை தீர்மானித்த பின்பும், அதை நடைமுறைப்படுத்தக் கோரி மக்கள் தொடர்ந்து போராட வேண்டியிருந்தது. கதிர்காமப் பாத யாத்திரைக் காலத்தில் அந்த வழியாகப் போகும் நம்மவர்கள் பலருக்கு இந்தச் செய்தியே தெரியாது.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். வரவேற்பில் நிற்கும் சிப்பாயும் தேநீர் கொண்டுவரும் இளைஞரும் அந்த முடிவுகளை எடுத்தவர்கள் அல்லர். அவர்கள் உங்களை மரியாதையாக நடத்தினால் அதையும் எழுதுங்கள்.

உரிமையாளரின் பெயரை எழுதலாமா?

கம்பனி, திணைக்களம், கூட்டுறவுச் சங்கம், கோயில் அல்லது விகாரை அறக்கட்டளை போன்றவற்றின் பெயரை எழுதலாம். தன் வீட்டுத் தோட்டத்தில் நான்கு கூடாரங்களுக்கு இடம் கொடுக்கும் தனிமனிதரின் பெயரை எழுத வேண்டியதில்லை. “காணிச் சொந்தக்காரரே அருகில் குடியிருந்து நடத்துகிறார்” என்பது போதும். மீமுரே போன்ற கிராமங்களில் இப்படிப்பட்ட குடும்பங்கள்தான் அதிகம், அவர்களுடைய கைபேசி எண்ணையும் வீட்டுப் படத்தையும் கேட்காமல் பொதுவில் போடுவது முறையல்ல. அரசியல்வாதி ஒருவரின் காணி என்று ஊரில் பேசிக்கொள்வதை எழுதலாமா என்றும் கேட்கிறார்கள். ஊர்ப் பேச்சு ஆவணமல்ல. ஆவணத்தைக் கண்ணால் கண்டிருந்தால், அந்தத் தொடர்பு அனுமதியையோ பாதையையோ தண்ணீரையோ பாதிக்கிறது என்றால், எழுதலாம்.

யாருடையது என்பதை எப்படிக் கண்டறிவது?

முதலில் கேளுங்கள். முன்பதிவு செய்யும்போதே, “இது உறுதிக் காணியா, குத்தகையா, அரச அனுமதிப்பத்திரக் காணியா?” என்று பணிவாகக் கேட்டால், நேர்மையாக நடத்துபவர்கள் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். பற்றுச்சீட்டில் எந்தப் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது, வங்கிக் கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது என்பவையும் நல்ல தடயங்கள். தனியார் தளமென்றால், சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு பெற்றதா என்று கேட்கலாம். அந்த அதிகாரசபை 2005 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது.

கம்பனியென்றால், கொழும்பிலுள்ள கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் கட்டணம் செலுத்திப் பணிப்பாளர்களின் விபரங்களைப் பார்வையிடலாம். காணியின் உறுதி விபரங்கள் அந்தந்த மாவட்டத்தின் காணிப் பதிவகத்தில் இருக்கும். பண்டாரவளையிலுள்ள காணியைக் கொழும்பில் தேடிப் பயனில்லை. அரச காணி என்ற சந்தேகம் இருந்தால் பிரதேச செயலகத்திடமும், வனம் என்றால் வனப் பாதுகாப்புத் திணைக்களத்திடமும், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் விண்ணப்பிக்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தம் முடிவை அறிவிக்க வேண்டும். ஒரு வார இறுதிப் பயணத்துக்காக எல்லோரும் இவ்வளவு அலைய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் “சட்டவிரோதக் காணி” என்று எழுத நினைப்பவர் இவ்வளவும் செய்த பிறகே எழுத வேண்டும்.

உரிமையைப் பற்றி எழுதினால் வழக்கு வருமா?

இலங்கையில் குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002 இல் நீக்கப்பட்டது. குடியியல் வழக்குத் தொடரும் வாய்ப்பு இன்னும் இருக்கிறது. எழுதியது உண்மை, அதை வெளியிட்டது பொது நலனுக்காக என்ற இரண்டும் சேர்ந்தால்தான் தற்காப்பாக நிற்கும். ஆகவே பார்த்ததைப் பார்த்ததாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்து எழுதுங்கள். பிரச்சினை பெரிதென்றால் எழுதுவதற்கு முன் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுவது நல்லது.

உரிமையாளர் என் உறவினர், அல்லது என்னை இலவசமாகத் தங்க வைத்தார். எழுதலாமா?

எழுதலாம், முதல் வரியிலேயே அதைச் சொல்லிவிட்டு. உரிமையாளரைப் பற்றிய தகவல்களில் வாசகருக்கு மிகவும் தேவையானது எழுதியவருக்கும் அவருக்கும் உள்ள தொடர்பே என்பேன். அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் போலி விமர்சனங்களையும், தொடர்பை மறைத்து உள்ளிருப்போர் எழுதும் விமர்சனங்களையும் தடுக்கும் விதிகளை 2024 ஒக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பிரித்தானியாவும் 2025 ஏப்ரலிலிருந்து போலி விமர்சனங்களைத் தடை செய்திருக்கிறது. நம் ஊரில் மச்சானின் இடம், சித்தப்பாவின் இடம், கூடப் படித்தவரின் இடம் என்று ஏதாவதொரு தொடர்பு இல்லாத விமர்சனமே குறைவு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. “நடத்துபவர் என் தாய்மாமனின் மகன், கட்டணம் வாங்கவில்லை” என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைக் கதவு சரியாகப் பூட்டுவதில்லை என்பதையும் எழுதினால், வாசகர் உங்களை நம்புவார்.

சேவை நன்றாக இருந்தது, ஆனால் உரிமையாளரை எனக்குப் பிடிக்கவில்லை. நட்சத்திரங்களைக் குறைக்கலாமா?

வேண்டாம். நட்சத்திரம் நீங்கள் பெற்ற இடம், தண்ணீர், பாதுகாப்பு, நடத்தை ஆகியவற்றுக்கானது. நிலத்தின் வரலாற்றை எழுத்தில் சொல்லுங்கள். மனச்சாட்சி இடம் தராவிட்டால் அங்கே போகாதீர்கள், போகாததற்கான காரணத்தையும் எழுதுங்கள். இரண்டையும் ஓர் எண்ணுக்குள் அடைத்தால், தண்ணீர் கெட்டிருந்ததால் ஒன்று குறைந்ததா, காணிப் பிரச்சினையால் குறைந்ததா என்று படிப்பவருக்குத் தெரியாது.

எவ்வளவு எழுத வேண்டும்?

பெரும்பாலும் இரண்டு வாக்கியங்கள். எடுத்துக்காட்டாக: “நிலம் அரசுக்குரிய தேயிலைத் தோட்டக் காணி, கம்பனியின் குத்தகையில் உள்ளது, கூடாரங்களை நடத்துவது வேறொரு தனியார் நிறுவனம். முறைப்பாடு செய்ய அந்த நிறுவனத்தின் அலுவலகத்தையே அணுக வேண்டும் என்று சொன்னார்கள்.” காணி தொடர்பான பிணக்கு உள்ள இடங்களில் மட்டும் ஒரு பத்தி தேவைப்படலாம்.

நான் எழுதிய பிறகு உரிமையாளர் மாறிவிட்டால்?

பழைய விமர்சனத்தை அழிக்காமல், எந்த மாதம், எந்த வருடம் தங்கினீர்கள் என்பதைச் சேர்த்து, அப்போதைய நடத்துநர் இன்னார் என்று விட்டுவிடுங்கள். மாற்றம் உறுதியாகத் தெரிந்தால், அதற்கு மேலே திகதியிட்டு ஒரு வரி சேருங்கள். புதிய உரிமையாளர் உங்களைத் தொடர்புகொண்டு திருத்தம் கேட்டால், அவர் காட்டும் ஆவணத்தைப் பார்த்த பின் திருத்துங்கள். பழையவரின் காலத்தில் நடந்ததைப் புதியவரின் பெயரில் நிற்க விடுவது நியாயமல்ல.